கல்முனைக் கரையில் கமராவுடன்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே கல்லாற்றைக் கடந்து பெரிய நீலாவணையை அடைந்ததும் அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் தொடங்குகின்றது. இடப்புறம் கடல். வலப்புறம் முதலில் வாவியும், அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும். இவற்றிற்கு இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓரூர் எங்கே முடிந்தது, மற்றோரூர் எங்கே தொடங்கிற்று என்பதை வெளியூரார் கண்டுகொள்ளல் அரிது. பள்ளிவாசல் மினாராவைக் கண்டு முஸ்லிம் ஊர் என்றும், கோயிற் கோபுரத்தைக் கண்டு இந்துக்களின் ஊர் என்றும் ஊகிக்கலாமேயன்றி, மொழியைக் கொண்டு ஊகிக்க இயலாது. இரு பகுதியாரும் பேசுவது தமிழே. சுவாமி விபுலாநந்தர் 1892 ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவுக்கு வடக்கேயும் தெற்கேயும் இருப்பவை முஸ்லிம் ஊர்கள் என்பதை இங்கு வந்து பார்க்கும் மாணவர் மனத்திற் பதித்துக்கொள்வர்.

இந்தக் கரைக்கு நாம் பலமுறை சென்றதுண்டு. இம்முறை சென்றதற்கு ஒரு காரணம் இருந்தது. எமது கல்லூரி மாணவர் சிலர், டிஜிட்டல் கமராவினால் நாளாந்த வாழ்க்கைக்கு உண்மையில் என்ன நன்மை எனக் கேட்டிருந்தனர். விளம்பரத் தாள்களைப் பார்த்து இதற்கு விடை கூறுவதில் எமக்கு விருப்பமில்லை. கையிலிருந்த சிறிய கமரா ஒன்றை எடுத்துக்கொண்டு, விடுமுறையில் இரண்டு நாள் இவ்வூர்களில் அலைந்து வரலாம் எனப் புறப்பட்டோம். மருதமுனையில் வாழும் ஆசிரிய நண்பர் ஒருவர் எமக்கு வழிகாட்டியாக அமைந்தார்.

மருதமுனை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதை வாசகர் அறிவர். சாரமும் சேலையும் இங்கு கைத்தறியில் நெய்யப்படுகின்றன. நண்பர் எம்மை அழைத்துச் சென்ற தறிக்கொட்டிலில் ஒரே ஒரு சாளரம். மேலே ஒரு குழாய் விளக்கு. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே அரையிருள். தறியில் இருந்தவரின் கால் மிதிகளை மாறி மாறி அழுத்த, கையிலே கயிறு சொடுக்க, நாடா ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்குப் பறந்தது.

பிலிம் சுருள் இருந்த காலத்தில் இக்கொட்டிலுக்குள் படம் எடுப்பது பெரும் பாடு. வெளியே வெயிலுக்கென்று வாங்கிய 100 உணர்திறன் கொண்ட சுருளைக் கமராவில் ஏற்றிவிட்டால், அதன் 36 படங்களும் முடியும்வரை அதனையே கட்டியழ வேண்டும். இருட்டிலே அச்சுருளுக்கு நேரம் போதாது. நாடா வெறும் புகையாய்த் தெரியும். மின்னல் விளக்கைப் போட்டாலோ கொட்டிலின் அழகே போய்விடும். குழாய் விளக்கின் ஒளியில் எடுத்த வர்ணப் படத்தில் மனித முகம் பாசி படிந்தாற்போற் பச்சை பூத்திருக்கும். டிஜிட்டல் கமராவிலோ உணர்திறனைப் படத்துக்குப் படம் மாற்றலாம். தெருவில் 100; கொட்டிலுக்குள் 1600. விளக்கின் நிறத்தைக் கணித்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஏற்பாடும் கமராவுக்குள்ளேயே உண்டு. உணர்திறனைக் கூட்டக் கூட்டப் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும் என்பது மெய்யே. ஆயினும், புள்ளி விழுந்த படம், எடுக்கப்படாத படத்திலும் மேலானதன்றோ?

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். தறியில் இருந்த சேலையின் கருஞ்சிவப்பு எமது கமராவில் எரிசிவப்பாய் விழுந்தது. நெசவாளர் அதைப் பார்த்துச் சிரித்தார். வெளிநாட்டிலுள்ள வாடிக்கையாளருக்கு அவர் கைத்தொலைபேசியில் சேலைப் படங்களை அனுப்புவாராம். ஆனால் நிறத்தை வாயாற் சொல்லியே அனுப்புவாராம். கண்ணை மிஞ்சிய கமரா இன்னும் வரவில்லை என்பது அவர் தீர்ப்பு. எமது தீர்ப்பும் அதுவே.

மாணவர்களுக்காக இக்கருவி இயங்கும் விதத்தை ஈண்டு சிறிது கூறுவோம். பழைய கமராவில் வில்லைக்குப் பின்னால் பிலிம் இருந்த இடத்தில் டிஜிட்டல் கமராவில் ஒளியுணரி என்னும் சிறு சில்லு இருக்கின்றது. அதன் மேல் இலட்சக்கணக்கான நுண்ணிய குழிகள். மழையில் வைத்த கிண்ணங்களைப்போல ஒவ்வொரு குழியும் தன்மேல் விழுந்த ஒளிக்கேற்ப மின்னேற்றத்தைச் சேர்க்கின்றது. அதனை அளந்து எண்ணாக மாற்றி எழுதிக்கொள்வதே மிகுதி வேலை. குழிகளுக்கு நிறம் தெரியாது. ஆதலால் அவற்றின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகளைச் சதுரங்கப் பலகைபோலப் பதித்துள்ளார்கள். மனிதக் கண் பச்சையொளியைக் கூடுதலாக உணர்வதால், வடிகளிற் பாதி பச்சை. எஞ்சிய பாதியைச் சிவப்பும் நீலமும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இத்தகைய கமராவை முதன்முதலில் ஆக்கியவர் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர். 1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் அவர் செய்த கருவியின் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் எழுதி முடிக்க அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அப்படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. பிலிம் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய அதே நிறுவனம், டிஜிட்டல் கமராக்கள் உலகெங்கும் பரவிய பின்னர், 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. வீட்டில் பிறந்த பிள்ளையைச் சரியாக வளர்க்கத் தவறிய கதை எனலாம்.

கல்முனைப் பட்டினத்துக் கடைத்தெருவில் நாம் கண்ட நன்மை வேறொன்று. படத்தை எடுத்த மறுகணமே எதிரில் நிற்பவருக்குக் காட்டலாம் என்பதே அது. முன்னர் வழிப்போக்கனொருவன் ஒருவரைப் படமெடுத்தால், அப்படம் எப்படி வந்தது என்பதை எடுக்கப்பட்டவர் ஒருநாளும் அறியமாட்டார். இப்போது அவரும் ஒரு நீதிபதி. எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்த மூதாட்டி ஒருவரிடம் நண்பர் முதலில் அனுமதி கேட்டார். “எடு மகன், கொண்டு போய் என்ன செய்யப் போறாய்?” என்று அவர் இணங்கினார். எடுத்ததைக் காட்டியதும், முக்காடு விலகியிருப்பதைக் கண்டு, அதை அழித்துவிட்டு வேறு எடுக்கச் சொன்னார். அவர் கண்முன்னே அழித்தோம். முக்காட்டைச் செம்மை செய்துகொண்டு அமர்ந்தார். இரண்டாவது படம் அவருக்குப் பிடித்திருந்தது, எமக்கும்.

இச்சிறு நிகழ்ச்சியின் பின்னால் ஒரு பெரிய மாற்றம் இருக்கின்றது. இவ்வூர்களில் மார்க்கப் பற்றுள்ள பலர் உயிருள்ளவற்றின் படங்களைச் சுவரில் மாட்டுவதில்லை. படங்கள் அலுமாரிக்குள் அல்பத்தில் இருக்கும். பெண்களைப் படமெடுப்பதிலோ தயக்கம் இன்னும் அதிகம். அத்தயக்கத்துக்குக் காரணம் மார்க்கம் மட்டுமன்று. ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் நெகட்டிவ் அந்நியர் ஒருவரின் பெட்டிக்குள் தங்கிவிடும் அல்லவா? அடையாள அட்டைக்கும், ஹஜ் பயணக் கடவுச்சீட்டுக்கும் எடுத்த படங்களைத் தவிர வேறு படமே இல்லாத உம்மாமார் முந்திய தலைமுறையில் பலர் இருந்தனர் என நண்பர் கூறினார். இன்று மகள் தாயை எடுக்கின்றாள். தங்கை அக்காளை எடுக்கின்றாள். இடையிலே அந்நியர் இல்லை. வீட்டிலே எடுத்தது வீட்டிலேயே தங்கும். ஆனால் ஒரு விரல் அசைவில் அது ஊரெல்லாம் பரவவும் கூடும். கேளாமற் பிறர் படத்தை அனுப்பாமை இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கப்பட வேண்டிய ஒழுக்கம்.

அன்று பிற்பகல், பட்டினத்திலே பல்லாண்டு காலமாகப் படத்தொழில் செய்துவரும் ஸ்டூடியோ முதலாளி ஒருவரைச் சந்தித்தோம். இப்பொழுது அவருடைய கடையில் இருட்டறை இல்லை. கைத்தொலைபேசியிலிருந்து படங்களை அச்சிடும் இயந்திரம் இருக்கின்றது. அவருடன் பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஈற்றில், இக்கரையில் எப்பேச்சும் சென்று சேரும் இடத்திற் சேர்ந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களைக் காவுகொண்டது இம்மாவட்டத்திலேதான். இறந்தோர் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடலை அண்டி நெருங்கியிருந்த வீடுகள் அத்திவாரம் மட்டும் எஞ்சத் துடைத்தெறியப்பட்டன. வீட்டோடு அலுமாரி போயிற்று. அலுமாரியோடு அல்பம் போயிற்று. அதற்கு முன் 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளியிலும் கூரை பறந்து படங்கள் நனைந்ததுண்டு. நனைந்தவற்றை உலர்த்தலாம், இல்லாதவற்றை என்ன செய்வது?

அவ்வலைக்குப் பின் வந்த வாரங்களில் தம் கடைக்கு வந்தவர்களைப் பற்றி முதலாளி சொன்னார். சிலர் இறந்தவரின் அடையாள அட்டையைக் கொண்டுவந்து, விரல் நகமளவான அந்த முகத்தைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டார்களாம். பெரிதாக்கலாம். ஆனால் சிறு படத்தில் இல்லாத நுட்பத்தை எந்த இயந்திரமும் மெய்யாகக் கொண்டுவந்து தராது. வேறு சிலர், அவர் எடுத்த பழைய கலியாணப் படங்களில் தம்மவர் எங்கேனும் பின்வரிசையில் நிற்கின்றனரா எனத் தேடி வந்தார்களாம். அலையின் வேகம் பெருந்தெருவிலிருந்த அவருடைய கடையைத் தாக்கவில்லை. நெகட்டிவ்களை எறியாமல் தகரப் பெட்டிகளில் வைத்திருந்தார். இரவிரவாக அவற்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பலருக்கு முகம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கின்றார்.

“கலியாணம் முடிச்சவங்கட படம் எப்பிடியும் ஒண்டு இருக்கும் சேர். சின்னப் பிள்ளைட படம் கேட்டு வந்தவங்களுக்குத்தான் ஒண்டும் குடுக்க ஏலாமப் போச்சு.”

இதைச் சொல்லிவிட்டு அவர் அச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டார். நாமும் சிறிது நேரம் பேசவில்லை.

அவர் கூற்றின் பொருளை எண்ணிப் பார்த்தோம். பிலிமுக்குக் காசு, கழுவக் காசு, அச்சிடக் காசு. ஆகவே நம் குடும்பங்கள் கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் மட்டுமே படம் எடுத்தன. ஒரு சுருளிலே மூன்று பெருநாள்கள் இருந்த வீடுகளும் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஸ்டூடியோவுக்குப் போகும் காரணம் இன்னும் வந்திராது. கிணற்றடியில் நீர் இறைக்கும் தாயையோ, வலையைப் பொத்தும் தகப்பனையோ, முற்றத்து மணலிற் புரளும் பிள்ளையையோ எடுப்பது வீண்செலவு எனப்பட்டது. டிஜிட்டல் கமரா மாற்றியது இதனைத்தான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிற் செலவில்லை. ஆதலால் விசேடமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையும் படமாகின்றது. மற்றை வசதிகள் யாவும் இதற்குப் பின்னரே எம் மதிப்பில் நிற்கின்றன.

அடுத்த சிறப்பு, படியெடுத்தல். நெகட்டிவிலிருந்து அச்சிட்டால் ஒவ்வோர் அச்சும் மூலத்தைவிடச் சிறிது குறைந்தது. டிஜிட்டல் படமோ எண்களால் ஆனது. அதனை நூறு தடவை படியெடுத்தாலும் நூறாவதும் மூலமே. 2011 மார்ச் 11 இல் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், சேற்றிலிருந்து பொறுக்கிய இலட்சக்கணக்கான படங்களைத் தொண்டர்கள் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்க்க முயன்றனர். நேரம் கடந்தவற்றைக் காப்பாற்றுவது கடினம். ஏனெனில், படத்தைத் தாங்கிநிற்கும் ஜெலற்றின் படை நீரில் ஊறி வீங்கும். நுண்ணுயிர்கள் அதனைத் தின்னும். தொட்டால் முகம் விரலோடு வழிந்துவிடும். வேறொரு வீட்டில் இன்னொரு படி இருந்திருந்தால் இவ்வளவு பாடும் வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இன்று பெரும்பாலான வீடுகளில் பத்தாண்டுப் படங்கள் அனைத்தும் ஒரே கைத்தொலைபேசிக்குள் கிடக்கின்றன. அது கிணற்றில் விழுந்தால் எல்லாம் போயிற்று. அல்பம் போவதற்கு ஒரு பேரலை வேண்டியிருந்தது. இதற்கு ஒரு வாளி நீர் போதும்! படங்களுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையறிந்தோர் கூறும் விதி. இணையச் சேமிப்பு அவ்வாறான ஓரிடம். அதற்கு வசதியில்லாதோர்க்கு இக்கரையின் வழக்கமே ஒரு வழி காட்டுகின்றது. இங்கு தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் கலியாணம் முடித்த ஆண்மகன் பெண் வீட்டுக்குச் செல்வதே மரபு. சம்மாந்துறையிலோ இறக்காமத்திலோ பெண்ணெடுத்த மகன் ஒருவன் இருப்பின், வருடத்துக்கொருமுறை படங்களையெல்லாம் ஒரு சேமிப்புத் தட்டில் ஏற்றி அவன் கையிற் கொடுத்துவிடலாம். அவ்வூர்கள் கடலுக்குத் தூரம். அன்றியும், சிறந்த இருபது படங்களையாவது ஆண்டுதோறும் தாளில் அச்சிடுவது நன்று. தட்டுப் பழுதானாலும் தாளைப் பார்க்க மின்சாரம் வேண்டாம்.

கடைகளிற் புள்ளிக் கணக்கைச் சொல்லி மயக்குவார்கள். மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறங்குலம் நீளமும் நாலங்குலம் அகலமும் உள்ள சாதாரண அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 1,800 ஐ 1,200 ஆற் பெருக்க 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே மேல். ஆகவே, புள்ளிகள் எத்தனை என்று கேட்பதிலும், ஒளியுணரி எவ்வளவு பெரியது, வில்லை எவ்வளவு நல்லது என்று கேட்பதே அறிவுடைமை. கைத்தொலைபேசியின் உணரி மிகச் சிறியது. அக்குறையைக் கணக்குப் போட்டு மறைக்கும் வித்தையில் அது இன்று தேர்ந்துவிட்டது. வீட்டுக்கு அது போதும். தொலைவிலுள்ள பறவையையோ தோணியையோ எடுக்க விரும்புவோர்க்கு உண்மையாகவே வில்லை நீளும் கமரா வேண்டும். திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்குவது படத்தை வெட்டுவதற்குச் சமம். படக்கலையைப் பயில விரும்பும் மாணவர்க்குப் பழைய கமரா ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குதல் நன்று என்பது எமது அபிப்பிராயம். துளையையும் நேரத்தையும் கையாற் திருப்பிப் பார்த்தாலொழிய ஒளியின் குணம் விளங்காது.

அன்றிரவு மருதமுனையில் நண்பர் இல்லத்தில் வட்டிலப்பத்துடன் விருந்து. மறுநாள் விடியுமுன் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குச் சென்றோம். கரைவலை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் இரு கயிறுகளிலும் நின்று, ஒரே குரலில் அம்பா பாடி, மணலிற் காலூன்றிப் பின்னோக்கி நடந்தனர். கிழக்குக் கரையின் ஒளிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. காலையிற் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலை நோக்கி எடுக்கும் படத்தில் மனிதர் வெறும் கருநிழலாவர். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் முகங்கள் செம்பொன்னாய் மின்னும். ஒன்பது மணியானால் மணலின் வெண்மை கமராவை ஏமாற்றிவிடும். மிகை வெளிச்சம் என்றெண்ணி அது படத்தை இருட்டாக்கும். கூட்டல் கழித்தற் குறியுள்ள பொத்தானால் ஒரு படி கூட்டிவிட வேண்டும். பிலிமிலே இந்தப் பாடத்தைக் கற்கச் சுருள் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே கற்பதற்கு இரண்டு நிமிடம். கடற்காற்றிலே உப்பு உண்டு என்பதையும் மறக்கலாகாது. வில்லையைத் துடைக்குமுன் மணலை ஊதி நீக்குதல் வேண்டும். வீடு சேர்ந்ததும் சிறிது நனைத்த துணியால் உடலைத் துடைத்து உலர்த்துதல் வேண்டும்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலையும் அவ்வழியே பார்த்தோம். நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் இங்கு கொடியேற்றம் நடைபெறுகின்றது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே தீமிதிப்பு. இரண்டையும் இரவொளியில் எடுக்கவேண்டும் என்னும் ஆசை எமக்குண்டு. அதற்குரிய காலத்தில் வரவேண்டும்.

பின்னர் நிந்தவூரைத் தாண்டி ஒலுவிலுக்குச் சென்றோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர் இது. 2013 இல் திறந்துவைக்கப்பட்ட துறைமுகமும் இங்கே உண்டு. இக்கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு செல்கின்றன. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர் அம்மணலை மறித்தது. அதனால் தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலும் தூர்ந்தது. வடக்கே மணல் வரவு குறைந்து, கடல் நிலத்தை அரித்தது. தென்னந்தோப்புகளும் கரையோரக் காணிகளும் கடலாயின.

அங்கு ஓர் இளைஞரைக் கண்டோம். மீன்பிடிக் குடும்பத்தவர். தம் வீட்டு மதிலின் ஒரு மூலையில் நின்று, மாதந்தோறும் ஒரே திசையில் ஒரு படம் எடுத்து வருகின்றார். அவர் கைத்தொலைபேசியில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டினார். முதற்படத்தில் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே தென்னைகள் நான்கு. ஓடாவி வேலை செய்யும் கொட்டில் ஒன்று. பின்னர் கொட்டில் இல்லை. பின்னர் தென்னை மூன்று. பின்னர் வேர் வெளித்தெரியச் சாய்ந்த ஒன்று. காணி அளந்தோர் வரைபடங்களைவிட இவை எமக்குத் தெளிவாக விளங்கின. படம் எடுத்த நாளையும் நேரத்தையும் கமராவே கோப்புக்குள் எழுதிவிடும் என்பதை நாம் அவருக்கு நினைவூட்டினோம். கமராவின் கடிகாரம் பிழையாயின் அச்சாட்சியும் பிழை. அன்றியும், கைத்தொலைபேசிச் செய்திகளில் படங்களைச் சாதாரணமாக அனுப்பும்போது அவை சுருங்குவதோடு இக்குறிப்புகளும் உதிர்ந்துவிடும். ஆகவே மூலக்கோப்பைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். அவர் இதை முன்னரே அறிந்திருந்தார். மாமனார் வீடு இறக்காமத்தில். ஒரு படி அங்கே இருக்கிறது என்றார்.

அந்த மதில் மூலையில் நின்று எமது கமராவிலும் ஒரு படம் எடுத்தோம். இளைஞரின் இளைய மகள், நாலு வயதிருக்கும், ஓடிவந்து நடுவில் நின்றுகொண்டாள். தகப்பனார் அவளை விலகச் சொன்னார். நாம் வேண்டாமென்று தடுத்து, அவளோடு ஒன்றும் அவளின்றி ஒன்றுமாக எடுத்து, இரண்டையும் அவருடைய கைத்தொலைபேசிக்கு மூலக்கோப்பாகவே மாற்றிக் கொடுத்துவிட்டு, பெருந்தெருவுக்கு நடந்தோம். மட்டக்களப்பு பஸ் வண்டி மூன்று மணிக்கு வந்தது.